கணைய நீர்க்கட்டியில் புற்றுநோய்க் கணிப்பு: வழிகாட்டு நெறிகள் மீது ஒரு விமர்சனம்

கணைய நீர்க்கட்டி என்பது கணையத்தின் உள்ளேயோ அதை ஒட்டியோ திரவம் நிரம்பிய பை போல உருவாகும் அமைப்பாகும். முன்பு வலி, மஞ்சள் காமாலை, வயிற்றில் தட்டுப்படும் வீக்கம் ஆகியவற்றால்தான் இது வெளிப்பட்டது. இன்றோ சிறுநீரகக் கல்லுக்கோ முதுகு வலிக்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதே மிகுதி. வேறு காரணத்துக்காக வயிற்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்பவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் இத்தகைய கட்டி காணப்படுவதாக அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2015-இல் வெளியிட்ட நெறி கூறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. சில மட்டும் புற்றுநோயாக மாறுகின்றன. கணையப் புற்றுநோய் முற்றிய பிறகு மருத்துவத்தால் செய்யக்கூடியது குறைவு. ஆகவே மாறக்கூடிய கட்டி எது என்பதை முன்கூட்டியே கணித்து எடுத்துவிட வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது.

அந்தக் கணிப்புக்காக எழுதப்பட்டவையே வழிகாட்டு நெறிகள். சென்டாய் (2006), ஃபுகுவோகா (2012, திருத்தம் 2017), அமெரிக்கச் சங்கம் (2015), ஐரோப்பியக் குழு (2018), கியோட்டோ (2024) ஆகியவை முக்கியமானவை. இந்நெறிகளின் அடையாளங்களையும் அளவுகளையும் பட்டியலிடும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. இக்கட்டுரை அந்த அளவுகள் யாரை எண்ணிப் பெறப்பட்டவை என்று கேட்கிறது. பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்பது ஆறாம் வகுப்புப் பாடம். கணைய நீர்க்கட்டி பற்றிய ஆய்வுகள் தொகுதியை உரக்கச் சொல்கின்றன, பகுதியை அடிக்குறிப்பில் வைத்துவிடுகின்றன. இதுவே இந்நெறிகளின் பெரிய குறை என்பது என் கருத்து.

கட்டி என்ற ஒரே சொல்

தமிழில் கொப்புளமும் கட்டி, புற்றும் கட்டி, நீர் கோத்த பையும் கட்டி. ஸ்கேன் அறிக்கை வீட்டுக்கு வந்ததும், "கட்டின்னு சொல்லிட்டாவல்லா அண்ணாச்சி, எடுத்துப் போட்டுர வேண்டியதுதான?" என்று உறவினர் கேட்பதை எங்கள் உடன்குடிப் பக்கம் எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். அவர்கள் மேல் பிழையில்லை. சொல்லே அப்படி அமைந்துவிட்டது.

உண்மையில் இது ஐந்தாறு வேறு நோய்களின் பொதுப்பெயர். கணைய அழற்சிக்குப் பின் வரும் போலி நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை. பலருக்குத் தானே வற்றிவிடும். சீரஸ் வகைக் கட்டி தேன்கூடு போன்ற நுண்ணறைகள் கொண்டது. அது புற்றாக மாறுவது மிக மிக அரிது. கோழை நீர்க்கட்டி அநேகமாகப் பெண்களுக்கே, அதுவும் கணையத்தின் உடல் அல்லது வால் பகுதியிலேயே வருகிறது. இளம்பெண்களிடம் காணப்படும், திண்மமும் நீரும் கலந்த மற்றொரு வகையை 1959-இல் ஃபிரான்ட்ஸ் என்பவர் விவரித்தார். இதை அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர்.

இவை எல்லாவற்றையும் விடச் சிக்கலானது ஐ.பி.எம்.என். என்று மருத்துவர்கள் சுருக்கி அழைக்கும், கணைய நாளத்தினுள் கோழை சுரந்து வளரும் வகை. முதன்மை நாளத்தில் வந்தால் ஆபத்து அதிகம். கிளை நாளத்தில் வந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். முதியவர்களிடம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவற்றுள் பெரும் பங்கு இந்தக் கிளை நாளக் கட்டிகளே. 1978-இல் காம்பாக்னோ, ஓர்ட்டெல் என்ற நோய்க்குறியியலாளர் இருவர் சீரஸ் கட்டியையும் கோழைக் கட்டியையும் பிரித்துக் காட்டினர். 1982-இல் ஜப்பானில் ஓஹாஷி குழுவினர் நாளத்தினுள் கோழை சுரக்கும் வகையை விவரித்தனர். அதற்கு முன் எல்லாம் ஒரே கணக்கில்தான் கிடந்தன.

சென்னையில் ஒரு கணக்கு

தமிழ் வாசகர்கள் இந்த வரலாற்றை ஜப்பானிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 1994-இல் 'பாங்க்ரியாஸ்' என்ற ஆய்விதழில் சென்னை நோயாளிகள் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. சுரேஷ் சாரி முதல் ஆசிரியர். வி. மோகன், சி. எஸ். பிச்சுமணி, எம். விசுவநாதன், என். மதனகோபாலன், ஏ. பி. லோவன்ஃபெல்ஸ் ஆகியோர் உடன் ஆசிரியர்கள். (பிச்சுமணியின் முதலெழுத்து 'கேப்கமரின்', அதாவது கன்னியாகுமரி. நம் கடற்கரையின் பெயரைத் தாங்கி உலகக் கணைய மருத்துவ நூல்களில் இடம்பெற்றவர் அவர்.)

அந்த ஆய்வின் பொருள் நீர்க்கட்டி அன்று. வெப்பமண்டலக் கணைய அழற்சி. இளம் வயதிலேயே கணையத்தில் பெரிய பெரிய கற்கள் உண்டாகி, நாளம் விரிந்து, நீரிழிவும் வரும் இந்நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் நிறையக் காணப்பட்டது. நீரிழிவு மையம் ஒன்றில் பதிவான 185 நோயாளிகளைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 24 பேர் இறந்தனர். அவர்களில் 6 பேர், அதாவது நான்கில் ஒருவர், கணையப் புற்றுநோயால் இறந்தனர். பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ 100 மடங்கு என்று கட்டுரை கணித்தது.

நூறு மடங்கு என்றால் யாருக்கும் கை கால் நடுங்கும். ஆனால் இதே எண்களை மூன்று விதமாகச் சொல்லலாம். இறந்தவர்களைப் பகுதியாக வைத்தால் 24-க்கு 6, அதாவது 25 சதவீதம். நோயாளிகள் அனைவரையும் பகுதியாக வைத்தால் 185-க்கு 6, அதாவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஊர் மக்களோடு ஒப்பிட்டால் 100 மடங்கு. மூன்றும் உண்மை. நம் நாட்டில் கணையப் புற்றுநோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஓரிருவர் என்ற அளவிலேயே பதிவாகிறது. அடிப்படை எண் இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகிறது.

இந்தக் கட்டுரையை நான் மதிப்பதற்குக் காரணம், அதன் பகுதி ஒளிவுமறைவின்றி இருப்பதுதான். அறுவைக்குப் போனவர்களை மட்டும் எண்ணாமல், பதிவான 185 பேரையும் ஆசிரியர்கள் பின்தொடர்ந்தார்கள். வெறும் 6 இறப்புகளிலிருந்து பெற்ற மடங்கு என்பதால் அது 37 முதல் 218 வரை எங்கும் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். நீரிழிவு மையத்துக்கு வந்தவர்கள் என்பதால் நோய் கடுமையானவர்கள் அதிகம் சேர்ந்திருக்கலாம் என்பது ஒரு குறை. அதைத் தவிர்த்தால், பின்னர் வந்த பல பெரிய ஆவணங்களை விட இதன் கணக்கு நேர்மையானது.

வெட்டியவர்களை மட்டும் எண்ணுதல்

சுரேஷ் சாரி பின்னர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றினார். 2006-இல் வெளியான சென்டாய் நெறியில் மசாவோ தனகாவுக்கு அடுத்து இரண்டாவது ஆசிரியராக இருப்பவர் அவரே. கோழை வகைக் கட்டிகளுக்கு உலக அளவில் எழுதப்பட்ட முதல் பொது நெறி அது. முதன்மை நாள வகை அனைத்தையும், கோழை நீர்க்கட்டி அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். கிளை நாளக் கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் எடுக்கலாம் என்றது. உடல்நிலை இடம் கொடுத்தால் என்ற நிபந்தனை உண்டு. ஆயினும் மொத்தத்தில் அது கத்தியின் பக்கம் சாய்ந்த ஆவணம்.

2012-இன் ஃபுகுவோகா நெறி இதைத் தளர்த்தியது. 3 சென்டிமீட்டர் என்ற அளவு மட்டும் அறுவைக்குப் போதாது என்று அதைக் 'கவலைக்குரிய அடையாளம்' என்ற இரண்டாம் படிக்கு இறக்கியது. மஞ்சள் காமாலை, ஸ்கேன் மருந்தை ஏற்று ஒளிரும் திண்மப் பகுதி, 10 மில்லிமீட்டருக்கு விரிந்த முதன்மை நாளம் ஆகியவை மட்டுமே 'உயர் ஆபத்து' என்ற முதல் படியில் நின்றன. ஆறே ஆண்டுகளில் இந்த மாற்றம் வந்ததே, முதல் நெறியால் தேவையின்றி அறுக்கப்பட்டவர்கள் பலர் என்பதற்குச் சான்று.

ஃபுகுவோகா ஆவணத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் எண்கள் இரண்டு. முதன்மை நாள வகையில் சராசரியாக 61.6 சதவீதமும், கிளை நாள வகையில் 25.5 சதவீதமும் 'புற்றுத்தன்மை' கொண்டவை. இந்த 25.5-ஐ எடுத்துக்கொண்டு, "நான்கு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய்" என்று எழுதும் மருத்துவமனை விளம்பரங்களையும் காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். அது யாரில் நான்கு பேர்? அறுவை செய்து கட்டி எடுக்கப்பட்டவர்களில். ஐயம் வலுத்து, பரிசோதனை மேல் பரிசோதனை செய்து, எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தவர்களில் நான்குக்கு ஒன்று. அப்படியானால் மிகுந்த ஐயத்தோடு வெட்டியவர்களிலும் நான்கில் மூன்று பேருக்குப் புற்று இல்லை என்றுதானே அதே எண் சொல்கிறது!

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த 25.5-இல் ஊடுருவும் புற்றுநோய் 17.7 மட்டுமே. மீதி, உயிரணுக்கள் வெகுவாக மாறியும் சுவரைத் தாண்டாத நிலை. புற்றுக்கு முந்தைய அந்நிலையையும் பழைய ஆய்வுகள் புற்று என்றே எண்ணின. 'புற்றுத்தன்மை' என்ற சொல்லை ஊடுருவும் நோய்க்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று ஃபுகுவோகா குழுவே கேட்டுக்கொண்டது நல்ல திருத்தம். ஆனால் 2012-க்கு முந்தைய ஆய்வுகளையும் பிந்தைய ஆய்வுகளையும் ஒரே அட்டவணையில் சேர்த்துச் சராசரி காட்டும் கட்டுரைகளில் இந்தத் திருத்தம் காணாமல் போகிறது.

கட்டியைத் திறந்து நுண்ணோக்கியில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, எனவே அறுவை செய்தவர்களைத்தான் எண்ண முடியும் என்று ஆய்வாளர்கள் பதில் சொல்வர். நியாயம்தான். முத்துச்சிப்பியும் அப்படித்தான், திறக்காமல் உள்ளே முத்து உண்டா என்று தெரியாது. ஆனால் எங்கள் மன்னார் வளைகுடாவில் சலாபம் நடத்துவதற்கு முன் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பாரிலிருந்து மாதிரியாகச் சிப்பிகளை அள்ளி, திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, அதன் பிறகே குளிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானித்தார்கள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த கடைசிச் சலாபங்கள் வரை கணிப்பு என்பது இதுதான். கண்ணுக்குப் பருமனாகத் தெரிந்த சிப்பிகளை மட்டும் பொறுக்கித் திறந்து, பார் முழுவதும் முத்து என்று யாரும் ஏலம் கூறவில்லை. கணைய ஆய்வுகளில் பெரும்பாலும் நடப்பது அந்தப் பொறுக்கல்தான். மனிதர்களைச் சிப்பி போல மாதிரிக்கு அறுக்க முடியாது என்பது வெளிப்படை. அறுக்காதவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது மட்டுமே மாற்று வழி. அத்தகைய ஆய்வுகள் குறைவு. அவற்றுக்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும், பணமும் வேண்டும்.

ஒரே சோதனை, இரண்டு விடைகள்

பகுதி மாறினால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். புற்று உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டும். புற்று இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கும். கேட்க நல்ல சோதனை.

இதைப் பெரிய அறுவை மையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட 1000 பேரிடம் செய்வதாக வைப்போம். பல கட்டச் சலிப்புக்குப் பின் வந்தவர்கள் என்பதால் அவர்களில் 200 பேருக்குப் புற்று என்று கொள்வோம். 180 பேர் பிடிபடுவர். புற்று இல்லாத 800 பேரில் 80 பேர் தவறாக மாட்டுவர். ஆக 'ஆபத்து' என்று வந்த 260 பேரில் 180 பேருக்கு உண்மையிலேயே நோய், 69 சதவீதம்.

இப்போது அதே சோதனையைத் தற்செயலாகக் கட்டி தெரிந்த ஒரு லட்சம் பேரிடம் செய்வோம். ஸ்கேனில் தெரியும் அந்த நேரத்தில் கோழைக் கட்டி ஊடுருவும் புற்றாக இருக்கும் வாய்ப்பு ஒரு லட்சத்துக்கு 10 என்பது அமெரிக்கச் சங்கத்தின் மதிப்பீடு. அந்த 10 பேரில் 9 பேர் பிடிபடுவர். மீதி 99,990 பேரில் 9,999 பேர் தவறாக மாட்டுவர். 'ஆபத்து' என்று சொல்லப்பட்ட 10,008 பேரில் உண்மை நோயாளிகள் 9 பேர். ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை.

மாட்டியவர்கள் அனைவரையும் அறுத்தால்? கணைய அறுவையில் இறப்பு ஏறத்தாழ 2 சதவீதம், கடும் சிக்கல் 30 சதவீதம் என்பது அதே சங்கம் எடுத்துக்கொண்ட கணக்கு. 9 பேரைக் காக்க 200 பேரை இழக்க நேரும். எந்த மருத்துவரும் இப்படி ஒரே சோதனையை வைத்து வெட்டுவதில்லை. படிப்படியாகச் சலித்துத்தான் அறுவை அறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனாலும் ஒரு சோதனை '90 சதவீதம் துல்லியம்' என்று செய்தி வரும்போது அது எந்தக் கூட்டத்தில் பெற்ற துல்லியம் என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுவே.

2015-இன் எதிர்ப்பக்கச் சாய்வு

இந்தக் கணக்கை முதன்முதலாக முன்னால் வைத்து எழுதப்பட்டது 2015-இன் அமெரிக்கச் சங்க நெறி. அதற்குரிய பாராட்டை மறுக்கக் கூடாது. கட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 0.24 சதவீதம் என்ற வேகத்தில்தான் புற்றாகிறது என்று அது மதிப்பிட்டது. 3 சென்டிமீட்டர் அளவு, விரிந்த நாளம், திண்மப் பகுதி ஆகிய மூன்றில் இரண்டாவது இருந்தால்தான் ஊசி வழி மாதிரி எடுக்க வேண்டும் என்றது. மற்றவர்களுக்கு ஓராண்டில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஈராண்டுக்கு ஒன்று, 5 ஆண்டுகள் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்றது.

தேவையற்ற கத்தியிலிருந்து இது பலரைக் காத்திருக்கும். ஆனால் மறுபக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆதூர் சிங்கியும் குழுவினரும் 225 நோயாளிகளின் பதிவுகளில் இந்நெறியைப் பொருத்திப் பார்த்து 2016-இல் வெளியிட்டனர். முற்றிய மாற்றம் உள்ளவர்களில் 62 சதவீதத்தினரையே நெறி பிடித்தது. புற்றோ அதற்கு முந்தைய நிலையோ கொண்ட நாளக் கோழைக் கட்டிகளில் 45 சதவீதத்தைத் தவறவிட்டிருக்கும் என்று கண்டனர். அந்த 225 பேரும் பெரிய மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களின் பகுதியும் பொதுமக்கள் அன்று. அப்படியிருந்தும் 45 என்பது ஒதுக்கிவிடக்கூடிய எண் அன்று. 2015-இன் குழு பகுதியைச் சரியாகப் பிடித்தது. அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கியது. இரண்டும் தனித்தனி வேலைகள்.

திரவம் சொல்வதும் சொல்லாததும்

கட்டியின் திரவத்தை எண்டோஸ்கோப்பி வழியாக ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பது அடுத்த கட்டம். 2004-இல் பிரக்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, திரவத்தில் சி.இ.ஏ. என்ற புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் அது கோழை வகை என்று 79 சதவீதத் துல்லியத்துடன் சொல்லலாம். இன்றும் ஆய்வக அறிக்கைகளில் இந்த 192 தலைகாட்டுகிறது. ஆய்வில் சேர்ந்தவர்கள் 341 பேர். அறுவை செய்து உண்மை தெரிந்தவர்கள் 112 பேர். துல்லியம் அந்த 112-க்கு உரியது.

அதை விட முக்கியமானது வேறொன்று. இந்தப் புரதம் கோழை வகையா இல்லையா என்பதைத்தான் காட்டும். புற்றா இல்லையா என்பதைக் காட்டாது. 5000 என்று வந்தாலும் புற்று என்று பொருளில்லை. அறிக்கையில் தடித்த எழுத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத குடும்பங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் இதே புரதத்தைப் புற்றுநோய் அடையாளமாகப் பார்த்துப் பழகிய நமக்கு, திரவத்தில் அதன் பொருள் வேறு என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

மரபணுச் சோதனைகள் இதை விடக் கூர்மையானவை. கே.ஆர்.ஏ.எஸ்., ஜி.என்.ஏ.எஸ். மரபணு மாற்றங்கள் கோழை வகையைக் காட்டுகின்றன. வேறு சில மாற்றங்கள் சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. 2019-இல் 'காம்ப்சிஸ்ட்' என்ற முறை வெளியானது. 862 நோயாளிகளின் மரபணு, புரதம், ஸ்கேன், மருத்துவக் குறிப்பு அனைத்தையும் கணினியால் இணைத்துப் பார்த்தார்கள். தேவையின்றி அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த முறையால் தப்பியிருக்கலாம் என்பது முடிவு. "யாரை வெட்ட வேண்டாம்" என்பதையே முதல் கேள்வியாக வைத்த ஆய்வு என்பதால் இது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த 862 பேரும் அறுவை செய்துகொண்டவர்களே. மறுபடியும் அதே பகுதி.

நம் கணையத்துக்கு இந்த அளவுகோல் பொருந்துமா?

நெறிகள் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்க நோயாளிகளைக் கொண்டு எழுதப்பட்டவை. தமிழகத்தில் அவற்றை அப்படியே எடுத்தாளும்போது இரண்டு இடங்களில் இடறுகிறது.

ஒன்று, நாளத்தின் விரிவு. முதன்மை நாளம் 10 மில்லிமீட்டர் என்றால் ஃபுகுவோகாவில் உயர் ஆபத்து. அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய அடையாளம். ஆனால் மேலே சொன்ன வெப்பமண்டலக் கணைய அழற்சியில் கல் அடைத்து நாளம் அதைவிடவும் விரிந்து கிடப்பது சாதாரணம். அங்கே போலி நீர்க்கட்டியும் சேர்ந்து இருக்கலாம். விரிந்த நாளம், பக்கத்தில் நீர்ப்பை என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் ஐ.பி.எம்.என். என்று எழுதிவிட வாய்ப்புண்டு. கல்லா, கோழையா என்று முதலில் தீர்க்க வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே கல் பளிச்சென்று தெரியும் என்பது ஆறுதல். ஆனால் கல் இருக்கிறது என்பதாலேயே புற்றில்லை என்று விட்டுவிடவும் முடியாது; 1994-இன் அந்த 6 பேர் நினைவில் இருக்க வேண்டும். இந்த இரட்டை நெருக்கடி பற்றி மேற்கத்திய நெறிகளில் ஓரிரு வரிகள்கூடத் தேறாது. அவர்களுக்கு அந்த நோய் இல்லை. நம்மவர்கள் எழுதியிருக்க வேண்டியது அது.

மற்றொன்று நீரிழிவு. 2024-இன் கியோட்டோ நெறி, கடந்த ஓராண்டுக்குள் புதிதாக வந்த அல்லது திடீரென மோசமான நீரிழிவைக் கவலைக்குரிய அடையாளங்களில் சேர்த்துள்ளது. இதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரும் சுரேஷ் சாரியே. 50 வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வந்த 2122 பேரை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பின்தொடர்ந்து 2005-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், 3 ஆண்டுகளுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்று இருந்தது தெரிந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் வயதொத்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு. (பகுதி தெளிவாக இருப்பதைக் கவனியுங்கள். சென்னைப் பழக்கம் போகவில்லை.)

இதை இங்கே எப்படிப் படிப்பது? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாடு அதில் முன்வரிசை. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியிலேயே சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். 60 வயதில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் அதற்குக் காரணம் பரம்பரையும் உடற்பருமனும் நடை குறைந்ததும்தான் என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். ஆகவே அந்த அடையாளத்துக்கு ஜப்பானில் இருக்கும் கனம் இங்கே இருக்காது. உடல் எடை குறைந்துகொண்டே போகும்போது சர்க்கரை ஏறினால் அது வேறு கதை. சாரி குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கணிப்பு முறை வயது, எடை மாற்றம், சர்க்கரை மாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். கியோட்டோவின் பட்டியல் நீரிழிவை மட்டும் தனியே நிறுத்தியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

கத்தியின் பக்கம்

கணையத் தலையில் கட்டி இருந்தால் செய்யப்படுவது விப்பிள் அறுவை. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்த நாளத்தின் ஒரு பகுதி, சில வேளைகளில் இரைப்பையின் ஒரு பகுதியும் எடுக்கப்பட்டு மீண்டும் குடலோடு இணைக்கப்படும். வாலில் இருந்தால் வால் பகுதியும், பெரும்பாலும் மண்ணீரலும் போகும். பின்விளைவாக நீரிழிவு வரலாம். செரிமான நொதி மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படலாம். தமிழகத்தில் இந்த அறுவையில் தேர்ந்த மையங்கள் உண்டு. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு குழுவினர் விப்பிள் அறுவையை லேப்ரோஸ்கோப்பி முறையிலும் திறந்த முறையிலும் ஒப்பிட்டு 64 நோயாளிகளிடம் செய்த சீரற்ற ஒப்பீட்டு ஆய்வு 2017-இல் வெளியானது. லேப்ரோஸ்கோப்பியில் மருத்துவமனை வாசம் 13 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது. அறுவை எளிதாகிவிட்டது என்பதால் அறுப்பதற்கான காரணமும் கூடிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

நெறிகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு கற்பனை நோயாளியைப் பார்ப்போம். வயது 66, கிளை நாளக் கட்டி 2.2 சென்டிமீட்டர், தொல்லை எதுவும் இல்லை. அமெரிக்கச் சங்கம் சொல்வது 5 ஆண்டில் 3 ஸ்கேன், பிறகு நிறுத்தலாம். கியோட்டோ சொல்வது ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆக 5 ஆண்டில் 6. ஐரோப்பா சொல்வதும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை, ஆனால் முடிவே கிடையாது. ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ.க்கு இங்கிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏற வேண்டும், கூட ஒருவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். கியோட்டோ, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த மாற்றமில்லாத கட்டிகளுக்கு 5 ஆண்டுக்குப் பின் கண்காணிப்பை நிறுத்தும் வாய்ப்பையும் தந்திருக்கிறது. இவருக்கு 2.2 என்பதால் அந்தக் கதவும் மூடியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் என்பது ஸ்கேன் அளக்கும் இருவருக்கிடையே வரக்கூடிய வேறுபாடுதான்.

ஐரோப்பிய நெறியில் ஒரு நல்ல வரம்பு உண்டு. அறுவையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவரைதான் கண்காணிப்பு. 80 வயதில் இதயம் தளர்ந்து, மாறுதல் தெரிந்தாலும் அறுவை செய்யப் போவதில்லை என்று மருத்துவரும் குடும்பமும் ஒத்துக்கொண்ட ஒருவருக்கு அடுத்த ஸ்கேனால் ஆவது ஒன்றுமில்லை. நடைமுறையில் இதைச் சொல்லி நிறுத்துவோர் குறைவு. "வருஷா வருஷம் பாத்துருங்க ஐயா" என்று எழுதிக்கொடுப்பது எளிது. "இனிமே வர வேண்டாம்" என்று சொல்ல, மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அந்த அரைமணிக்கு எந்த நெறியிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.